சினிமாவுக்கெல்லாம் குலவை போட்ட வார்தியா

எங்களைப் போலக் குடியேறின குடும்பங்கள் வருகிற பிரெஞ்சுப் படம் ஒன்றையாவது நீங்கள் பார்த்திருந்தால், எங்கள் அடுக்குமாடியின் நாலாவது மாடி வார்தியா அக்காவை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். முகம் தெரிந்திருக்காது. முகத்தை யாரும் கேட்கவில்லை. படத்தில் கல்யாணம் நடக்கும், ஆண்பிள்ளை பிறக்கும், மகன் ஜெயிலிலிருந்து திரும்பி வருவான், மகள் பரீட்சையில் பாஸாவாள். எது நடந்தாலும் எங்கிருந்தோ ஒரு குலவை கூரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். அது அக்காவின் குலவைதான். இந்த நாட்டுச் சினிமாவில் குலவை இல்லாமல் எங்கள் ஆட்களுக்குச் சந்தோஷம் வராது.

என் பெயர் அஸ்ஸா. அதே கட்டடத்தில் இரண்டாவது மாடி. நானும் சினிமாக்காரிதான், குறைத்து எடை போடாதீர்கள். கதாநாயகன் போலீசுக்குப் பயந்து சந்தைக்குள் ஓடும்போது, வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும் ஒருத்தி கூடை கவிழ்ந்து கத்துவாளே, அவள் நான். என் அப்பா அம்மா மாலியிலிருந்து வந்தவர்கள். நான் பிறந்தது பாரிஸை ஒட்டிய இந்த வில்மொரே ஊரின் ஆஸ்பத்திரியில். காய்கறி வாங்குவது சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரிலிருந்து. ஆனால் எந்த இயக்குநரும் என்னை ஒரு ஃப்ரீசருக்குப் பக்கத்தில் நிற்க விட்டதில்லை. அது யதார்த்தமாக இருக்காதாம்.

வார்தியா அக்கா அல்ஜீரியாவின் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து கல்யாணத்துக்காக இங்கே வந்தவள். புருஷன் அக்லி கார் ஃபேக்டரியில் வேலை பார்த்தார், நல்ல மனிதர், நுரையீரல் கெட்டுச் சீக்கிரமே போய்விட்டார். மிச்சமிருந்தது ஒரே மகள், திசீரி. அக்காவும் நானும் பள்ளிக்கூடக் கேன்டீனில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசியல் பரிமாறுகிறவர்கள். அவள் கரண்டியால் தட்டில் ஒரு போடு போட்டால், சாப்பிட மாட்டேன் என்று அழுகிற பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். இந்த அக்கா கலைஞராகிவிடுவாள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம்.

நடந்தது இதுதான். ஒரு படக்குழு எங்கள் குடியிருப்புக்கு வந்து டேரா போட்டது. எங்கள் மாடிப்படி போதுமான அளவு அழுக்காக இல்லை என்று சொல்லி, சுவரெல்லாம் புதிதாகக் கிறுக்கினார்கள். முற்றத்தில் எரிந்துபோன கார் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். நாங்கள் லிஃப்ட் ரிப்பேருக்கு எழுதிக்கொடுத்து வருடக்கணக்காகக் காத்திருந்தோம், காருக்கு அனுமதி ஒரே வாரத்தில் கிடைத்தது. அன்றைக்குக் கல்யாணக் காட்சி. மணப்பெண்ணின் தாயாக நடித்த அம்மாள் பாரிஸின் பணக்காரப் பேட்டையிலிருந்து டாக்ஸியில் வந்தவர். குலவை போடச் சொன்னால், தொண்டை வலிக்கு உப்புத்தண்ணீர் கொப்புளிக்கிற சத்தம்தான் வந்தது. இயக்குநர் 'இன்னொரு தடவை' என்கிறார், மறுபடியும் கொப்புளிப்பு. மறுபடியும், மறுபடியும். மேலே பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்? கையிலிருந்த ஈரத்துண்டை உதறிவிட்டு ஒன்று எடுத்து விட்டாள் பாருங்கள், புறா எல்லாம் பறந்துவிட்டது. ஒலிப்பதிவாளர் காதுக் கருவியைக் கழற்றிவிட்டு வாயைப் பிளந்தார். இயக்குநர் நாலு மாடியும் ஏறி வந்தார். லிஃப்ட் ஓடாததால் அவருக்குப் பேச்சு வர நேரமாயிற்று.

அன்றிலிருந்து அக்காவுக்கு ஓயாத அழைப்பு. ஒலிப்பதிவுக் கூடத்தில் திரைக்கு முன்னால் நிற்பாள், யாரோ ஒரு மணப்பெண் சிரிப்பாள், இவள் குலவை போடுவாள். முதலில் போடுவதை ஒருத்தரும் ஏற்றுக்கொண்டதில்லை, அதை ஒத்திகை என்பார்கள். அப்புறம் யோசனைகள் வரும். ஒருவர் 'கொஞ்சம் வலி சேர்த்துப் போடுங்க மேடம்' என்பார். இன்னொருவர் 'இதுல தாய்நாட்டைப் பிரிஞ்ச ஏக்கம் தெரியணும்' என்பார். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு, முன்னே போட்டதையே மறுபடியும் போடுவாள். 'இப்ப வந்துடுச்சு!' என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

வீட்டுக்கு வந்து என்னிடம் பொரிந்து தள்ளுவாள்.

"குலவைன்னா ஒரு தடவைதான் அஸ்ஸா. சந்தோஷம் பொங்கும்போது தானா வர்றது. திரும்பப் போடுன்னா எப்படி? தும்முனவன்கிட்ட போய், இன்னொரு தடவை தும்மு, இந்தத் தடவை சோகமா தும்முன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"அப்ப ஏன்க்கா போறே?"

"கேன்டீன் சம்பளத்துல திசீரியோட பல்லுக்குக் கம்பி யாரு மாட்டுறது, உன் வாழைக்காயா?"

அரபுக்காரர்கள், துருக்கியர்கள், எங்கள் மாலிக்காரர்கள், எல்லாருக்கும் ஒரே குலவைதான். பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் கடை வைத்திருக்கும் தமிழர்களைப் பற்றி ஒரு படம் எடுத்தார்கள். அதில் தாலி கட்டும் காட்சிக்கும் அக்காவைக் கூப்பிட்டார்கள். நடிக்க வந்திருந்த தமிழர் ஒருத்தர், "எங்க கல்யாணத்துல இந்த நேரத்துக்கு நாதஸ்வரம், கெட்டிமேளம்தாங்க" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். இயக்குநர் அவர் தோளில் கைபோட்டு, "உண்மைதான், ஆனா ஜனங்க நம்ப மாட்டாங்களே" என்றாராம். கெட்டிமேளத்தை வெட்டிவிட்டு வார்தியாவை ஒட்டினார்கள்.

பிறகு ஒரு படம் கடற்கரை ஊர்த் திரைப்பட விழா ஒன்றில் பரிசு வாங்கியது. எங்கள் ஊரில் எடுத்த படம் என்பதால் ஊர்த் தியேட்டரில் சிறப்புக் காட்சி போட்டார்கள். துணை மேயர் கூர்த்தியே முன்வரிசையில் இருந்தார். கலை, பண்பாடு, நூலகம் எல்லாம் அவர் பொறுப்பு. சனிக்கிழமைகளில் மூவர்ணப் பட்டையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு நகராட்சியில் கல்யாணம் நடத்தி வைப்பவரும் அவரே. படத்தின் கடைசியில் குலவை வந்தபோது மனிதர் தேம்பிவிட்டார். விளக்குப் போட்டதும் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மேடம், உங்க குரல் இந்த ஊரோட சொத்து!"

"ரொம்ப சந்தோஷம் சார். எங்க கட்டடத்து லிஃப்ட்டு..."

"அது வேற துறை மேடம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திசீரி வளர்ந்தாள், படித்தாள், எங்கள் ஊர் நூலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். வேலை நிரந்தரமாக இன்னும் சில மாதம் இருந்தது. அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்கிடையில் அவள் கயேல் என்ற பையனை விரும்பினாள். மெட்ரோ ரயில் ஓட்டுகிறவன், மேற்குக் கடற்கரைக்காரன், அதிகம் பேசாதவன். அவன் அம்மா மரிவோன் நீச்சல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அதோடு பெரிய சினிமா ரசிகை. எங்களைப் பற்றி வந்த படம் ஒன்றையும் விட்டதில்லை. சம்பந்தம் பேச முதல் முறை வந்தபோதே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

"நீங்க ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க, இல்லையா?"

"கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா. சம்பந்தியம்மாளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது திசீரி நகராட்சியிலிருந்து ஒரு தாளோடு வந்தாள். கல்யாண மண்டபத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறை. கொடி பிடிக்கக் கூடாது, கார் ஹார்ன் அடிக்கக் கூடாது, பறை தட்டக் கூடாது, குலவை போடக் கூடாது. மண்டபத்தில் மட்டுமல்ல, படிக்கட்டிலும் முன்சதுக்கத்திலும் கூடாது. யார் மீறினாலும் கல்யாணத்தை அங்கேயே நிறுத்தித் தேதியை மாற்றிவிடுவார்கள். மணமக்கள் கையெழுத்துப் போட வேண்டும். அடியில் கூர்த்தியேயின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. ஊரின் சொத்து ஊருக்குள் வரக் கூடாது என்று ஊரே எழுதிக்கொடுத்திருந்தது.

அக்காவின் சமையலறையில் நானும் இருந்தேன். அக்கா ரவையைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்மா."

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா நீ என்ன சொல்லுவேன்னு தெரியும். அம்மா, கயேல் வீட்டு ஜனம் ராத்திரியெல்லாம் பஸ்ல உக்காந்து வராங்க. பாதியில நிறுத்தினா நான் எங்க போய் முட்டிக்கறது? என் வேலை வேற அந்த ஆளு கையில இருக்கு. சாயங்காலம் விருந்துல போடேன், எவ்வளவு வேணும்னாலும் போடு."

"விருந்துல போட்டா அது சோத்துக்குப் போட்டது."

"அம்மா!"

அக்கா கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். "இதே நகராட்சியிலதான்டி எனக்கும் கல்யாணம். மேல இரவல் கோட்டு. உங்கப்பாவோட ஃபேக்டரி ஆளுங்க ரெண்டு பேர் சாட்சி. நான் சம்மதம்னு சொன்னேன். அவ்வளவுதான், ஒரு சத்தம் இல்ல. எங்கம்மா கடலுக்கு அந்தப் பக்கம். வெளியில எவனோ மெஷின் வச்சு ரோட்டை உடைச்சுக்கிட்டிருந்தான், அதுதான் எனக்கு மேளம். அன்னிக்கே நினைச்சேன். எனக்கொரு பொண்ணு பொறந்து, அவ வாயிலேருந்து சம்மதம்னு வார்த்தை விழுந்தா, அது தரையைத் தொடறதுக்கு முன்னாடி என் குலவை அதைப் பிடிக்கணும்னு. ஊருல இருக்கிற பொய்க் கல்யாணத்துக்கெல்லாம் போட்டேன். பெத்த பொண்ணுக்குப் போடக் கூடாதாம்."

திசீரி அழ ஆரம்பித்தாள். கடைசியில் அக்காவே, "சரி, அழாத, நான் வாயைத் தொறக்கல" என்றாள். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. அந்தத் தாளைக் கிழித்து ரவையோடு பிசைந்து கூர்த்தியேவுக்கு ஊட்டிவிட வேண்டும் போலிருந்தது.

கல்யாணத்தன்று காலையில் திசீரியின் தலைமுடியை நான்தான் சீவிவிட்டேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சித்தி, சின்ன வயசுல தியேட்டர்ல அம்மா குரல் வரும்போதெல்லாம் அந்த நடிகையைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அது என்னோடது, இவ எதுக்கு எடுத்துக்கிட்டான்னு தோணும். இப்ப எனக்கே வர நேரத்துல நானே வேணாம்னுட்டேன்."

"மை கலையுது, அழாத" என்றேன்.

மண்டபத்தில் எங்கள் பக்கம் ஆஸ்பத்திரி வரவேற்பறை மாதிரி இருந்தது. பெண்கள் எல்லாரும் கைப்பையை மடியில் வைத்து, உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தார்கள். கதவருகே நகராட்சிப் போலீஸ்காரர் ஒருவர். அவர் பார்வை எங்கள் வரிசையை விட்டு நகரவில்லை. அக்கா பையிலிருந்து கல்யாணத்துக்குப் பங்கிட வைத்திருந்த சர்க்கரைப் பாதாம் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டாள்.

"என்னக்கா இது, வாயில கொழுக்கட்டையா?" என்று காதில் கேட்டேன்.

"ம்ம்" என்றாள். அவளுக்கு அவள் வாய் மேல் நம்பிக்கை இல்லை.

கூர்த்தியே சட்டப் பிரிவுகளை வாசித்தார். கயேலைக் கேட்டார், அவன் சம்மதம் என்றான். திசீரியைக் கேட்டார். அவள் ஒரு கணம் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "சம்மதம்" என்றாள்.

அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பாதாமைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மண்டபத்தில் ஒரு சத்தம் கிளம்பியது. முட்டை இட முடியாமல் தவிக்கும் கோழி ஒன்று கிணற்றுக்குள் விழுந்துவிட்டது போன்ற சத்தம். ஏறியது, இறங்கியது, இருமலில் முடிந்தது. போலீஸ்காரர் யோசிக்கவே இல்லை. நேராக எங்கள் வரிசைக்கு வந்து அக்கா முன்னால் நின்றார்.

"மேடம், விதி தெரியுமில்ல? எந்திரிங்க."

அக்கா கையை ஆட்டினாள். வாய் திறக்க முடியவில்லை.

"பதில் சொல்லுங்க மேடம். நீங்கதானே கத்தினீங்க?"

கூர்த்தியேயும் புத்தகத்தை மூடிவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அக்காவையே பார்த்தார். அக்கா வேறு வழியில்லாமல் உள்ளங்கையை விரித்து, பாதாமை எல்லாம் ஒவ்வொன்றாக அதில் துப்பினாள். வெள்ளை, ரோஜா, நீலம். அத்தனையையும் போலீஸ்காரர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"இத்தனையை வாயில வச்சுக்கிட்டு நீங்க ஒரு குலவை போட்டுக் காட்டுங்க பாப்போம்" என்றாள்.

எதிர்ப் பக்கத்தில் சம்பந்தியம்மாள் மரிவோன் எழுந்து நின்றார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது.

"நான்தான். மன்னிச்சிடுங்க. படத்துல எல்லாம் இந்த இடத்துல போடுவாங்களே. இவங்க பக்கம் யாருமே போடல, பாவமா இருந்துச்சு. மூணு மாசமா கார்ல கண்ணாடியை ஏத்தி விட்டுப் பழகுனேன்."

நிறுத்தப் போகிறார்கள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கூர்த்தியேயின் முகமோ அப்படியே மலர்ந்துவிட்டது.

"அடடா! என்ன ஒரு திறந்த மனசு! இதுதானுங்க எல்லா ஜனமும் சேர்ந்து வாழறது!" என்று கைதட்டினார். போலீஸ்காரரும் கைதட்டினார். அவர்கள் பக்கமும் கைதட்டியது. விதி எழுதினவர் கையே தட்டிய பிறகு விதியை யார் தேடுவது? எங்கள் பக்கம் மட்டும் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கைதட்டலாமா என்று அந்தத் தாளில் எழுதியிருக்கவில்லை.

கூர்த்தியேவுக்கு இன்னும் உற்சாகம் வந்தது. சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார்.

"நம்ம ஊர்க் கலைஞரே இங்க இருக்காங்க. மேடம், இன்னிக்கு மட்டும் விதிவிலக்கு. ஒண்ணு போடுங்க. நான் பதிவு பண்ணி நகராட்சியோட இணையப் பக்கத்துல போடுறேன்."

மண்டபமே அக்காவைத் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருடமாகக் காத்திருந்த குலவை, அனுமதியோடு, மகள் முன்னால். போட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அக்கா பாதாமைக் கைக்குட்டையில் மடித்து முடிந்தாள்.

"விதி விதிதானே சார்" என்றாள். "என் பொண்ணு கையெழுத்துப் போட்டிருக்கா."

கையெழுத்துகள் முடிந்து வெளியே வந்தோம். அடுத்த கல்யாணக் கூட்டம் வாசலில் காத்துக்கொண்டிருந்தது, அவர்களும் எங்களைப் போலவே உதட்டை இறுக்கிக்கொண்டு. அக்கா படிக்கட்டில் நிற்கவில்லை, சதுக்கத்தில் நிற்கவில்லை. புதுச்செருப்பு காலைக் கடிக்க, சாலையைக் கடந்து எதிரிலிருந்த பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். அது நகராட்சிக்குச் சொந்தமில்லை, போக்குவரத்துக்காரர்களுடையது.

"திசீரி! இங்க வா!"

திசீரி வெள்ளைக் கவுனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள். கயேல் பின்னால் ஓடினான். அவன் பின்னால் நாங்கள். சம்பந்தியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார், நானும் விடவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்த கிழவர் ஒருத்தர் தம் பையை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்.

அக்கா மகளின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள்.

"உள்ள நடந்ததை ஒத்திகைன்னு வச்சுக்கோ. நான் கேக்கறேன், இப்பச் சொல்லு. இந்தப் பையனைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா?"

"சம்மதம்மா."

அந்த வார்த்தை தரையைத் தொடவில்லை. அக்கா பிடித்துவிட்டாள். ஆனால் அது சினிமாவில் கேட்ட குலவை இல்லை. பாதியில் உடைந்தது, அழுகையில் சறுக்கியது, மறுபடி பிடித்து ஏறி, எங்கேயோ உச்சியில் போய் மூச்சில்லாமல் நின்றது. எந்த ஒலிப்பதிவாளரும் அதை வைத்துக்கொண்டிருக்க மாட்டார். நான் அழுதேன். வாழைக்காய்க் கூடை கவிழ்ந்தபோதுகூட அப்படி நடித்ததில்லை.

சாலைக்கு அந்தப் பக்கமிருந்து மூவர்ணப் பட்டையோடு கூர்த்தியே ஓடி வந்தார். கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார், மூச்சு இரைத்தது.

"அற்புதம் மேடம், அற்புதம்! பட்டனை அமுக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. தயவுசெஞ்சு இன்னொரு தடவை!"

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் திசீரி குறுக்கே வந்து நின்றாள். வேலை நிரந்தரமாகாதவள், கையெழுத்துக்காகக் காத்திருப்பவள்.

"முடியாது சார்" என்றாள். "எங்கம்மா ஒரு தடவைதான் போடுவாங்க."

பதிவு ஓடிக்கொண்டிருந்த கைபேசியை அவர் தாழ்த்தினார். பஸ் வந்து நின்று, கதவைத் திறந்து, யாரும் ஏறாததால் மூடிக்கொண்டு போனது. அதைத்தான் அவரால் பதிவு செய்ய முடிந்தது.